ரோம நகரங்கள் இஸ்லாமிய ஆட்சியின் தொடக்கக் காலத்தில் என்ன ஆயின?

ஜோர்டானிலுள்ள ஜெராஷ், சிரியாவிலுள்ள பல்மைரா ஆகிய ஊர்களின் படங்களைப் பார்த்த ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: ரோமர் காலத்தில் அளந்து போட்டதுபோல் நேராகவும் அகலமாகவும் தூண்வரிசைகளோடும் இருந்த தெருக்கள், 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வந்தபின் இடிபாடுகளாகவோ குறுகிய சந்துகளாகவோ ஆனது ஏன்? படையெடுப்பில் அவை அழிக்கப்பட்டனவா, அல்லது புதிய ஆட்சியாளருக்கு நகரத்தைப் பேணத் தெரியாமல் போயிற்றா? இந்தக் கேள்வி இரண்டு விடைகளை மட்டுமே முன்வைக்கிறது. அந்த இரண்டுமே, படையெடுப்பு நடந்த ஆண்டுவரை நகரம் பழைய ரோம நகரமாகவே இருந்தது என்றும், அதன்பிறகுதான் மாறத் தொடங்கியது என்றும் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் ஆராய வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

என் பயிற்சி சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளின் பிற்கால ரோம, உமய்யா, அப்பாசியக் காலப் பானையோடுகளை வகைப்படுத்துவதில்தான். உமய்யாக்களும் அப்பாசியரும் அடுத்தடுத்து ஆண்ட முதல் இரு கலீபா வம்சத்தினர். ஆகவே இந்தப் பகுதியைப் பற்றி விரிவாகவும், வட ஆப்பிரிக்கா பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன். முதலில் உறுதியான செய்தி. 630களில் நடந்த அரபு வெற்றிக்கு மண்ணில் ஏறக்குறையத் தடயமே இல்லை. ஒரு நகரம் தீக்கிரையாக்கப்பட்டால் அகழாய்வில் சாம்பலும் கரியும் சரிந்த கூரையும் கொண்ட அடுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஜெராஷ், ஜோர்டான் பள்ளத்தாக்கிலுள்ள பெல்லா, பைசான் ஆகிய ஊர்களில் 634க்கும் 640க்கும் இடையே அப்படிப்பட்ட அடுக்கு எதுவும் இல்லை. பெரும்பாலான நகரங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு, வரி செலுத்த ஒப்புக்கொண்டு, வாயிலைத் திறந்துவிட்டன என்று பிற்கால அரபு நூல்கள் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. நீண்ட முற்றுகைக்குப்பின் 640 அல்லது 641இல் வீழ்ந்த கடற்கரை நகரமான செசரியா இதற்கு விதிவிலக்கு. அங்கே குடியிருப்புகள் கைவிடப்பட்டதும், மக்கள் தொகை சுருங்கியதும் தெளிவாகத் தெரிகின்றன.

அந்தத் தலைமுறையில் ஆட்சி எப்படிக் கைமாறியது என்பதற்குக் கல்லிலேயே ஒரு சான்று இருக்கிறது. யார்மூக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஹம்மத் காதேர் ரோமர் காலத்திலேயே புகழ்பெற்ற வெந்நீர் ஊற்று. அங்குள்ள குளியல் மண்டபத்தில் பளிங்குப் பலகை ஒன்றில் கிரேக்கக் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. அது சிலுவைக் குறியோடு தொடங்குகிறது. அடுத்த சொற்களிலேயே, இறைவனின் அடியாரும் நம்பிக்கையாளர்களின் தலைவருமான முஆவியாவின் காலத்தில் ஆளுநர் அப்துல்லாஹ் இந்தக் குளியல் இடத்தைப் புதுப்பித்தார் என்று சொல்கிறது. நோயாளிகள் குணம் பெறுவதற்காக இந்தப் பணி நடந்தது என்றும், கதாரா ஊரைச் சேர்ந்த யோவான் அதை மேற்பார்வையிட்டார் என்றும் முடிக்கிறது. நாள் 662ஆம் ஆண்டு டிசம்பர் 5. அந்த நாளை, ரோமர் வரிக்கணக்குச் சுழற்சியின் ஆண்டாகவும், நகரத்தின் சொந்த ஆண்டுக் கணக்கில் 726 என்றும், அரபியர் கணக்கில் 42 என்றும் மூன்று வகையில் குறித்திருக்கிறார்கள். நம்பிக்கையாளர்களின் தலைவர் என்ற அரபுப் பட்டத்தை மொழிபெயர்க்காமல் கிரேக்க எழுத்தில் அப்படியே ஒலிபெயர்த்திருக்கிறார்கள். முஸ்லிம் கலீபா, முஸ்லிம் ஆளுநர், கிறிஸ்தவ அதிகாரி, கிரேக்க மொழி, சிலுவை ஆகிய அனைத்தும் ஒரே பலகையில் இருக்கின்றன. வெற்றி நடந்து கால் நூற்றாண்டு கழிந்தபின்னும் ஊர்ப் பொதுப்பணி பழைய கைகளால்தான் நடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. அதே காலத்துச் செப்புக்காசுகளும் இதையே காட்டுகின்றன. பைசானிலும் ஜெராஷிலும் அடிக்கப்பட்ட காசுகளில், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய பேரரசர் இரண்டாம் ஜஸ்டினும் பேரரசி சோஃபியாவும் அரியணையில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். 690களில் கலீபா அப்துல் மலிக் நாணயச் சீர்திருத்தம் செய்த பிறகுதான் உருவங்கள் நீங்கி எழுத்து மட்டும் வந்தது.

அப்படியானால் நகரம் மாறவே இல்லையா? மாறியது. ஆனால் அந்த மாற்றம் அரபுப் படைகள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1985இல் ஹியூ கென்னடி என்ற வரலாற்றாசிரியர் இதை அழுத்தமாக எடுத்துரைத்தார். பின்வந்த அகழாய்வுகள் அவருடைய காலக்கணக்கைப் பல இடங்களில் திருத்தியிருந்தாலும் அடிப்படை வாதம் நிற்கிறது. பழைய ரோம நகரத்தின் அழகுக்குப் பணம் கொடுத்தவர்கள் உள்ளூர்ச் செல்வந்தர்கள். நகரமன்ற உறுப்பினர் என்ற பெருமைக்காக அவர்கள் தங்கள் சொந்தச் செலவில் அரங்கமும் தூண்வரிசையும் நீரூற்றும் கட்டினார்கள். 4, 5ஆம் நூற்றாண்டுகளில் நகரத்தின் நிலமும் வருவாயும் பேரரசின் கைக்குப் போயின. மன்ற உறுப்பினர் பதவி பெருமையாக இல்லாமல் வரிச்சுமையாக ஆனது. பேரரசே கிறிஸ்தவமானபின் கோயில்கள் மூடப்பட்டன. பழைய தெய்வ வழிபாட்டோடு பிணைந்திருந்த நாடக அரங்கை ஆயர்கள் வெறுத்தார்கள். கொடை கொடுக்க விரும்பியவர் தேவாலயத்துக்குக் கொடுத்தார். ஜெராஷில் மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் எழுந்தன. அவற்றில் கடைசியாக ஆண்டு குறிக்கப்பட்டது 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பராமரிப்பவர் இல்லாத அரங்கின் கற்களே பல இடங்களில் தேவாலயச் சுவர்களாயின.

தெருவின் கதையும் அப்படித்தான். தூண்வரிசைகளுக்கு இடையே தனியார் கடையும் குடிலும் அமைப்பதைத் தடைசெய்து அவற்றை அகற்றச் சொல்லும் ஆணைகள் 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரோமச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. தடை போட வேண்டியிருந்தது என்றால் நடந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்! இதோடு 6ஆம் நூற்றாண்டின் பேரிடர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தியோக்கியா 526இலும் 528இலும் நிலநடுக்கத்தால் இடிந்தது. 540இல் பாரசீகர் அதைச் சூறையாடினர். 541 முதல் கொள்ளைநோய் அலையலையாக வந்தது. 551இல் பெய்ரூட் இடிந்தது. 614இல் பாரசீகர் எருசலேமைக் கைப்பற்றினர். நெகேவ் பாலைநிலத்திலுள்ள எலுசா என்ற ஊரில் நகரத்துக்கு வெளியே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய மேடுகளை அண்மையில் ஆராய்ந்தார்கள். 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அங்கே குப்பை கொட்டுவது நின்றிருக்கிறது. அதாவது ஒழுங்காகக் குப்பை அள்ளும் நகர நிர்வாகம், அரபியர் வருவதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே அந்த ஊரில் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் எல்லா ஊரும் எலுசா அல்ல. ஜெராஷும் பைசானும் 6ஆம் நூற்றாண்டில் தெருவுக்குப் புதிய கல்தளம் போடும் அளவுக்கு நன்றாகவே இருந்தன. ஊருக்கு ஊர் வேறுபட்ட இந்த வேகத்தை ஒரே வீழ்ச்சிக் கதையாக்குவதுதான் பழைய நூல்களின் பெருங்குறை என்பது என் கருத்து.

இனி, இஸ்லாமிய ஆட்சி நகரத்துக்குள் புதிதாக எதைக் கொண்டுவந்தது என்று பார்ப்போம். ஜெராஷில் 2002 முதல் டென்மார்க்–ஜோர்டான் கூட்டு அகழாய்வுக் குழு தோண்டியபோது, நகரின் முதன்மைத் தெருவும் தெற்குக் குறுக்குத்தெருவும் சந்திக்கும் நாற்சந்தியின் ஓரத்தில், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய பள்ளிவாசலின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன் நீளம் சுமார் 45 மீட்டர், அகலம் சுமார் 39 மீட்டர். பழைய குளியல் மண்டபம் ஒன்றை அகற்றி அந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். ரோமத் தெரு ஒரு திசையில் போகிறது. பள்ளிவாசலோ மக்காவை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஆப்பு வடிவத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைக் கட்டியவர்கள் வீணாக்கவில்லை. தெருவை நோக்கிய கடைகளை வரிசையாக அமைத்து அதை நிரப்பினார்கள். கடையின் முகப்பு பழைய தெருவோடு இணையாகவும் பின்சுவர் பள்ளிவாசலோடு இணையாகவும் நிற்கிறது. நேர்த்தெரு அங்கே ஒழியவில்லை. அதற்கு மதிப்புக் கொடுத்துத்தான் புதிய கட்டடம் உட்கார்ந்திருக்கிறது. நகரத்தில் ஆள்நடமாட்டம் மிகுந்த சந்தியில், தொழுகை இடமும் கடைவீதியும் கைகோத்து வந்தன என்பதே இதன் செய்தி. திமிஷ்கு எனப்படும் டமாஸ்கஸில் பேரளவில் நடந்ததும் இதுவே. அங்கே ஜூபிடர் கோயிலின் மதிலுக்குள் யோவான் தேவாலயம் இருந்தது; அந்த வளாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு கலீபா அல்-வலீத் 706 முதல் 715 வரை பெரும் பள்ளிவாசலைக் கட்டினார். அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகள் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அந்த வளாகத்தை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதைப் பற்றி நூல்கள் பல கதைகள் சொல்கின்றன. தேவாலயக் கட்டடத்தையே பாதியாகப் பிரித்தார்கள் என்பதைவிட, பரந்த வளாகத்தின் வேறு பகுதியில் முஸ்லிம்கள் தொழுதார்கள் என்பதே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

சந்தை கட்டுவதை அரசே முன்னின்று செய்தது என்பதற்குப் பைசான் சான்று. ரோமர் காலத்தில் சித்தோபோலிஸ் என்று பெயர் பெற்றிருந்த அந்த நகரின் நடுத்தெருவில், பழைய மண்டபம் ஒன்றின் இடத்தில் உமய்யாக் கடைவரிசை அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் வாயிலை அலங்கரித்த கண்ணாடி மொசைக் சிதறிக் கிடந்தது. துண்டுகளைக் கூட்டிச் சேர்த்தபோது நீலப் பின்னணியில் பொன்னிற அரபு எழுத்துகள் தெரிந்தன. கலீபா ஹிஷாமின் ஆணைப்படி ஆளுநர் இஸ்ஹாக் இப்னு கபீஸா கட்டியது என்று அந்த எழுத்துகள் சொல்கின்றன. ரோமச் செல்வந்தர் தம் பெயரை அரங்கிலும் நீரூற்றிலும் பொறித்ததுபோல், கலீபா தம் பெயரைச் சந்தையின் நெற்றியில் பொறித்தார். பல்மைராவின் பெருந்தெருவிலும் தூண்களுக்கு இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே திட்டத்தில் கட்டப்பட்டுள்ளன. ஒரே அளவு, ஒரே வரிசை. ஆக்கிரமிப்பு என்று முன்பு எண்ணப்பட்டது உண்மையில் திட்டமிட்ட வணிகக் கட்டுமானம். லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெற்றுநிலத்தில் எழுப்பிய அன்ஜார் இன்னும் ஒருபடி மேல். இரண்டு நேர்த்தெருக்கள் நடுவில் வெட்டிக்கொள்ள, சந்தியில் நான்கு தூண்தொகுதிகளும், இருமருங்கும் கடைகளும் அமைந்த அதை, ஆண்டு தெரியாமல் பார்ப்பவர் ரோம நகரம் என்றே சொல்வார். அதைக் கட்டியவர் அல்-வலீத் என்று பெரும்பாலோர் கருதினாலும் அது முடிந்த முடிவல்ல. ஆனால் நேர்த்தெருவின் இலக்கணம் முஸ்லிம் கட்டடக் கலைஞருக்குத் தெரியாது என்ற வாதத்தை அன்ஜார் ஒன்றே தள்ளிவிடும்.

பொதுக்கட்டடங்களில் தொழிற்கூடம் புகுந்ததையும் சொல்ல வேண்டும். ஜெராஷின் குதிரைப்பந்தய அரங்கிலும் வடக்கு நாடக அரங்கிலும் ஆர்ட்டெமிஸ் கோயில் முற்றத்திலும் குயவர் சூளைகள் கிடைத்துள்ளன. பளிங்குப் படிகளுக்குப் பக்கத்தில் களிமண்ணும் புகையும் என்பது முதலில் வருத்தமான காட்சியாகத்தான் தெரியும். பந்தய அரங்கின் தொழிற்கூடங்கள் சில 6ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. அவற்றுக்கும் புதிய ஆட்சிக்கும் தொடர்பில்லை. சூளைகள் காட்டுவது ஊர் ஒழிந்ததை அல்ல, உற்பத்தி பெருகியதைத்தான். அங்கே செய்த அகல்விளக்குகள் சிலவற்றில் குயவர் பெயரும் ஜெராஷ் என்ற ஊர்ப்பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அரபியில் அச்சுக் குத்தப்பட்டுள்ளன. அச்சிலேயே ஆண்டு பதிந்த விளக்கு, பானையோட்டு ஆய்வாளருக்குக் கிடைக்கும் பெரிய கொடை. அதன் துணையால்தான், முன்பு பொதுவாகப் பைசாந்தியக் (பிற்கால கிழக்கு ரோம) காலத்தவை என்று ஒதுக்கப்பட்ட பல கலங்கள் உண்மையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று நிறுவ முடிந்தது. காலம் ஒரு நூற்றாண்டு நகர்ந்ததும், வீழ்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஊர்கள் பல மீண்டும் மக்கள் நிறைந்தவையாகத் தெரியத் தொடங்கின.

தேவாலயங்களும் உடனே மூடப்படவில்லை. ஜோர்டானில் மாதபா என்ற ஊருக்குத் தெற்கேயுள்ள உம்மு அர்-ரஸாஸில் புனித ஸ்தேவான் தேவாலயத்தின் தரை மொசைக் 718ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று இப்போது பலர் ஏற்கிறார்கள். முதலில் 785 என்று படித்தார்கள். பீடப் பகுதியிலுள்ள மொசைக் 756ஐச் சேர்ந்தது. எந்த ஆண்டைக் கொண்டாலும் அது முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் உருவானது. அதன் ஓரங்களில் எருசலேம், செசரியா, காசா, பிலடெல்பியா (இன்றைய அம்மான்) முதலிய நகரங்களின் சிறு ஓவியங்கள் கிரேக்கப் பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன. கலீபா ஹிஷாம் விரும்பித் தங்கிய, சிரியாவிலுள்ள ருஸாஃபாவில் பள்ளிவாசலை, புனித செர்ஜியசின் பேராலயத்தை ஒட்டி, இரண்டுக்கும் பொதுவான முற்றம் அமையும்படி கட்டினார்கள். நகரமக்களில் பெரும்பாலோர் இன்னும் நெடுங்காலம் கிறிஸ்தவராகவே இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆட்சிமாற்றம் சில நகரங்களை உண்மையாகவே கீழே தள்ளியது. ஆனால் அதைச் செய்தது வாள் அல்ல, தலைநகர மாற்றம். ரோம நிர்வாகம் கடலைப் பார்த்து இருந்தது. செசரியா பாலஸ்தீன மாகாணத்தின் தலைநகரம். வரித்தானியம் கப்பல் ஏறிய துறைமுகம். கடலுக்கு அப்பால் பகைநாடு என்று ஆனதும் அந்த இடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. உள்நாட்டிலிருந்த லுத் தலைநகரமானது. சுமார் 715இல் உமய்யா வம்சத்துச் சுலைமான் அருகிலேயே ரம்லாவைப் புதிதாகக் கட்டி, லுத் மக்களையும் அங்கே குடியேற்றினார். ஜோர்டான் மாவட்டத்தில் பைசானின் இடத்தைத் திபேரியா பிடித்தது. திபேரியா 11ஆம் நூற்றாண்டுவரை செழித்தது. அங்கே பைசாந்தியச் சந்தை என்று நெடுங்காலம் கருதப்பட்ட பெரிய தூண்மண்டபம் உண்மையில் பள்ளிவாசல் என்பது பின்னர்தான் விளங்கியது. அரசு அலுவலகம் போன இடத்துக்குச் சம்பளமும் போனது, சம்பளம் போன இடத்துக்குச் சந்தையும் போனது.

அடுத்தது நிலநடுக்கம். பைசானின் கடைவரிசை மக்கள் புழங்கிக்கொண்டிருந்தபோதே இடிந்து விழுந்தது. இடிபாட்டுக்கு அடியில் கிடைத்த காசுகளில் கடைசியானது ஹிஜ்ரி 131ஐச் சேர்ந்தது. அது 748 ஆகஸ்டு இறுதிக்கும் 749 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட ஆண்டு. ஆகவே 749 ஜனவரி 18 என்ற நாளைப் பலர் ஏற்கிறார்கள். எனினும் பழைய வரலாற்றுக் குறிப்புகளில் ஆண்டு மாறுபடுவதால், அடுத்தடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் நிகழ்ந்தனவா என்ற விவாதம் தொடர்கிறது. ஜெராஷின் வடமேற்குப் பகுதியில் அந்த நாளில் புதைந்த வீடு ஒன்றை அகழ்ந்தார்கள். அங்கே கல்தொட்டி ஒன்றில் மொசைக்குக்காக வெட்டிய கல்துண்டுகள் ஆயிரக்கணக்கில் நிரப்பி வைக்கப்பட்டிருந்தன. தரையைப் புதிதாகப் பதிக்கும் வேலை தொடங்கும் நிலையில் வீடு விழுந்திருக்கிறது. அழிந்துகொண்டிருந்த ஊரில் யார் தரைக்கு மொசைக் பதிப்பார்கள்? மறு ஆண்டே உமய்யா ஆட்சி கவிழ்ந்தது. 762இல் அப்பாசியர் பாக்தாதை நிறுவியபின், இந்தப் பகுதியை மீண்டும் எழுப்பித் தரும் ஆர்வம் கொண்ட அரசவை அருகில் இல்லை. இருந்தும் பெல்லாவில் பழைய மேட்டை விட்டு வடகிழக்கில் புதிய வணிக வளாகம் எழுந்தது. ஜெராஷிலும் 9ஆம் நூற்றாண்டு வாழ்வுக்கான தடயங்கள் கூடிவருகின்றன. 749க்குப்பின் எவ்வளவு பேர் எஞ்சினர் என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இதற்கு ஒரு காரணம் எங்கள் துறைதான். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தோண்டிய பலர் ரோமத் தூணை அடையும் அவசரத்தில் மேலடுக்குச் சுவர்களை வரையாமலும் எழுதாமலும் அகற்றிவிட்டார்கள். அந்தச் சான்று திரும்ப வராது.

வட ஆப்பிரிக்காவில் 698இல் கார்தேஜ் வீழ்ந்தபின் துறைமுக வாழ்வு துனிசுக்கு நகர்ந்தது. துனிசியாவில் 670இல் நிறுவிய கைரவான் நகரின் பள்ளிவாசலில் பழைய ரோமத் தூண்கள் மீண்டும் நின்றன. மொரோக்கோவின் பழைய ரோம நகரமான வொலுபிலிசில் 655வரை லத்தீன் கல்லறைக் கல்வெட்டுகள் உண்டு. 788இல், அங்கே புதிய முஸ்லிம் அரச வம்சத்தை நிறுவிய இத்ரீஸ் வந்து சேர்ந்தபோதும் அது மக்கள் வாழும் ஊராகத்தான் இருந்தது, ஓடையை நோக்கிச் சற்று மேற்கே நகர்ந்திருந்தாலும்.

இறுதியாகக் குறுகிய சந்துகள். 1930களில் ழான் சோவாஜே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அலெப்போ, டமாஸ்கஸ் நகரங்களின் இன்றைய தெரு வரைபடத்தை வைத்து, அகன்ற தூண்தெரு ஒன்றின் நடுவே கடைகள் மெல்ல மெல்ல முளைத்து, அது இணையான பல சிறு சந்தைத் தெருக்களாகப் பிளந்தது என்று வரைந்து காட்டினார். அந்தப் படம் எல்லாப் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. அது நடக்கக்கூடியதே, ஆனால் அவர் அதை அகழாய்வால் நிறுவவில்லை, மக்கள் வாழும் நகரத்தில் நிறுவுவதும் கடினம். சக்கர வண்டிகள் மறைந்து ஒட்டகமே சரக்கு சுமந்ததால் அகன்ற கல்தளத் தெரு தேவைப்படவில்லை என்ற வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியட்டின் விளக்கத்தில் வலு இருக்கிறது; வண்டி குறைந்தது இஸ்லாமுக்கு முன்பே என்பதையும் அவரே காட்டினார். இஸ்லாமியச் சட்டத்தில் வீட்டுக்காரருக்குத் தம் வாசலுக்கு முன்னுள்ள இடத்தின்மேல் இருந்த உரிமை, பிறருக்குத் தீங்கு இல்லாதவரை அங்கே நீட்டிக் கட்ட இடம் கொடுத்தது. நகரமன்றம் என்ற அமைப்பும் இல்லாததால், வழி அடைபட்டால்தான் நீதிபதியிடமோ சந்தைக் கண்காணிப்பாளரிடமோ வழக்குப் போகும். இவை எல்லாம் தெருவைச் சுருக்கும் காரணங்களே. ஆனால் ஜெராஷ், பைசான், பல்மைரா மூன்றிலும் 8ஆம் நூற்றாண்டின் நடுவில்கூடப் பெருந்தெரு திறந்தே இருந்தது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஆகவே கேள்வி கேட்டவர் மனத்திலிருக்கும் வளைந்த சந்துகளை முதல் கலீபாக்களின் காலத்தில் தேடக் கூடாது. அலெப்போவிலும் டமாஸ்கஸிலும் அவை அப்பாசியர் காலத்திலும் அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளிலும் படிப்படியாக உருவாயின என்றே நான் கருதுகிறேன்.